நோகாத காலை நம்பாத மனிதர்

செய்தி வந்தபோது என் கையில் ஒருவரின் முழங்கால் இருந்தது. இடுப்பு மூட்டு மாற்றி மூன்றாம் நாள். பத்துத் தரம் மடித்து நீட்ட வேண்டும், ஆறு முடிந்திருந்தது. அட்டென்டன் சுனேத்ரா திரையை விலக்கிக்கொண்டு வந்து, "மிஸ், நிக்கலஸ் சேர் நெத்தி வுணா" என்றாள். இல்லாமல் போய்விட்டாராம். "பொறு கியன்ட எப்பா" என்று ஏசினேன், பொய் சொல்லாதே என்று. அவள் அழுதுகொண்டிருந்தாள். அன்று காலை கொட்டாஞ்சேனை வீட்டில் வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போடக் கதிரையில் இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். இதயம். மிச்சம் நாலு தரத்தையும் நான் செய்வித்து முடித்தேன். பிறகு துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று அழுதேன்.

டொக்டர் நிக்கலஸ் குரூஸை உங்களில் பலர் பல விதமாக அறிந்திருப்பீர்கள். கோயில் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடியவராக, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவரின் மூத்த மகனாக, தெருவில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் கட்டின சாரத்தோடு இறங்கி வருகிறவராக. எனக்கு அவர் பதினாறு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்த மயக்கமருந்து வைத்தியர். நான் இயன்மருத்துவர். அவர் ஆட்களின் நோவை எடுப்பார், நான் அவர்களை எழுப்பி நடத்துவேன். ஒருவர் வேலை மற்றவருக்கு உதவி என்றுதான் நினைப்பீர்கள். முதல் சில வருடங்கள் நாங்கள் கீரியும் பாம்பும்.

அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சை இப்போது முன்பு போல இல்லை. எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் முன்பக்கமாகச் சின்னதாக வெட்டி, தசையை அறுக்காமல் ஒதுக்கி, மூட்டை மாற்றிவிடுவார். வெட்டுச் சின்னதே தவிர, எலும்பைக் குடைந்த நோ சின்னதல்ல. நோ இருந்தால் ஆள் அசையமாட்டார். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டும், நெஞ்சில் சளி கட்டும். ஆகவே டொக்டர் நிக்கலஸ் ஸ்கான் மெஷினில் பார்த்துப் பார்த்து, கவட்டுக்குக் கிட்ட, தொடைக்குப் போகும் பெரிய நரம்பின் பக்கத்தில் ஊசி போட்டு அதை மரத்து விறைக்கச் செய்வார். பின்னேரம் வார்ட்டுக்கு வந்து ஒவ்வொரு கட்டிலிலும் "நோகுதா?" என்று கேட்பார். "இல்லை டொக்டர்" என்ற பதில் வந்தால் சோதனையில் பாஸான பிள்ளை போல மற்றக் கட்டிலுக்குப் போவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஊசி நோவை மட்டும் எடுக்காது, தொடையின் பலத்தையும் சேர்த்து எடுக்கும். முழங்கால் மடங்கிவிடும். ஒருநாள் வார்ட்டின் நடுவில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"டொக்டர், நீங்கள் எனக்குத் தந்துவிடுறது கால் இல்லை, வாழைத்தண்டு. இதை வச்சுக்கொண்டு நான் என்னெண்டு ஆளை நடத்துறது?"

"நடத்தாதீங்க. நாளைக்கு நடத்துங்க. இண்டைக்கு அந்த மனுசன் நிம்மதியா படுக்கட்டும்."

"அப்ப சின்னதாய் வெட்டி என்ன பிரியோசனம்? அண்டைக்கே எழுப்பத்தானே இவ்வளவும்."

"வாணி, உங்களுக்கு வாய் நீளம்."

"உங்கட ஊசி அதைவிட நீளம்."

சிஸ்டர்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் ஊசியை மாற்றவில்லை, நானும் ஏசுவதை நிறுத்தவில்லை.

இந்த நினைவுக் குறிப்பில் எங்கள் நோயாளியாக இருந்த ஒரு அதிபரின் கதையை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் அவரிடமே போன் எடுத்துக் கேட்டேன். "பேரைப் போடாமல் எழுதும் பிள்ளை" என்றார். பாமன்கடையில் இருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அவர். காலையில் சத்திரசிகிச்சை, பின்னேரம் மூன்று மணிக்கு நான் அவருடைய கட்டிலுக்குப் போனேன். "நோகுதா சேர்?" என்று கேட்டேன். "ஒரு துளியும் நோகேல்லைப் பிள்ளை. விட்டால் இப்பவே காலிமுகத்திடல் மட்டும் நடப்பன்" என்றார். அன்றைக்கு நான் பார்க்க வேண்டியவர்கள் ஐந்து பேர். அவருடைய முகத்தைப் பார்த்தேன், சிரிப்பைப் பார்த்தேன். காலைப் பிடித்துப் பார்க்கவில்லை. கட்டில் அட்டையில் "உதவியுடன் நடக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஐந்து மணிக்கு வந்து நடத்துவோம் என்று அடுத்த வார்ட்டுக்குப் போனேன். டொக்டர் நிக்கலஸின் ஊசி காலை என்ன செய்யும் என்று வார்ட் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டவள் நான். அந்த நானே மறந்தேன்.

நாலரை மணிக்கு அதிபருக்குச் சிறுநீர் முட்டியிருக்கிறது. போத்தல் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய நேர்ஸ், அவருடைய பாடசாலையில் படித்த பிள்ளை. காலையில் வந்து "சேர், என்னைத் தெரியுதோ?" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டவள். அவளிடம் போய் எப்படிப் போத்தல் கேட்பது? அதிபர் அட்டையை எட்டி எடுத்துப் பார்த்திருக்கிறார். நடக்கலாம் என்று இருக்கிறது. நோவும் இல்லை. உதவி என்ற சொல்லை அவர் பெரிதாக எடுக்கவில்லை. எழும்பினார். அடுத்த வார்ட்டில் நின்ற எனக்கு அவர் விழுந்த சத்தம் கேட்டது. புது மூட்டைச் சுற்றிய எலும்பு பிளந்துபோனது. மறுநாள் திரும்பவும் தியேட்டர், இந்த முறை பெரிய வெட்டு. அந்த மனிதர் இன்றைக்கும் பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார்.

விசாரணைக் கூட்டத்தில் நிர்வாகம் அறிக்கையை முன்பே எழுதி வைத்திருந்தது. "நோயாளி அனுமதியின்றி எழுந்தார்" என்று ஒரு வரி. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம். டொக்டர் நிக்கலஸ் பேனையைக் கீழே வைத்தார். "அவர் எழும்பினது நோகாதபடியால. நோகாம ஆக்கினது நான். நோகாட்டியும் இந்தக் கால் நிக்காது எண்டு அவருக்கு விளங்கச் சொல்லாததும் நான். இதில நான் சைன் பண்ண மாட்டன்" என்றார். என் குறிப்பு அந்தக் கோப்புக்குள் இருந்தது. யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வாய் நீளம் என்று பேர் வாங்கியவளுக்கு அன்றைக்கு வாயே இல்லை.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக் கேட்டேன். "ஏன் டொக்டர் நீங்கள் என்ர குறிப்பைப் பற்றிச் சொல்லேல்லை?"

"அது உங்கட கையெழுத்து வாணி. நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

கோபமே இல்லாமல் சொன்னார். கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். படிக்கட்டில் போய் அரை மணித்தியாலம் இருந்தேன். வேலை போனால் என்ன செய்வது, பிள்ளையின் படிப்பு என்ன ஆவது என்று எல்லாம் யோசித்தேன். பிறகு திரும்பிப் போய்க் கதவைத் தட்டி, அட்டையில் எழுதியது நான், காலைப் பாராமல் எழுதினேன் என்று சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். அந்தக் கடிதம் இன்றும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

அதோடு டொக்டர் நிக்கலஸ் விடவில்லை. அதிபர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு வெள்ளவத்தைக்கு வந்து என் வீட்டு வாசலில் கார் ஹோர்னை அடித்தார். "வாங்க, அதிபர்ட்ட போவம்."

"ஆஸ்பத்திரி லோயர் போகவேண்டாம் எண்டு சொன்னவரெல்லோ."

"லோயருக்கு இடுப்பு நல்லாத்தானே இருக்கு. ஏறுங்க."

பாமன்கடை வீட்டில் அதிபரின் மகள் எங்களை மரியாதையாக இருத்தினாள். இருத்திவிட்டுத் தகப்பனைக் குறை சொல்லத் தொடங்கினாள். "அப்பாவுக்குச் சொல்வழி கேக்கிற பழக்கமில்லை டொக்டர். பெல் அடிச்சுக் கூப்பிடச் சொல்லித்தானே வச்சது. எல்லாம் தானே தேடிக்கொண்டது." ஆயிரம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். ஆறு வாரமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று விளங்கியது.

டொக்டர் நிக்கலஸ் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். "மகள், நீங்களும் கேளுங்க. அப்பா ஒரு பிழையும் செய்யேல்ல. என்ர ஊசியால அவர்ட தொடை வேலை செய்யேல்ல. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்ச நான் பாத்திருக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. மகள் தேத்தண்ணி போட உள்ளே போனாள். அதிபர் தலையை நிமிர்த்திச் சொன்னார்: "பிழை விட்டால் வந்து சொல்லுங்கோ எண்டு முப்பது வருசம் பிள்ளையளுக்குச் சொன்னனான். ஒருத்தரும் வந்து சொன்னதில்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

ஆஸ்பத்திரி நரம்பு ஊசியையே நிறுத்திவிட்டது. பழையபடி மோர்ஃபின். எனக்குத்தானே வெற்றி என்று நினைப்பீர்கள். அந்த மாதங்களைப் போல நான் என் வேலையை வெறுத்ததில்லை. ஆட்கள் குமட்டிச் சத்தி எடுத்தார்கள், அரை மயக்கத்தில் கிடந்தார்கள், எழுப்பப் போனால் "விடுங்கோ பிள்ளை, ஏலாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மூன்றாம் நாளும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வைத்தியர் சுற்றி வரும்போது மட்டும் எல்லோரும் மரியாதைக்கு "சுகம் டொக்டர்" என்பார்கள். அவர் போனதும் தலையணையைக் கடிப்பார்கள். எங்கள் சனத்தின் இந்தப் பொல்லாத மரியாதையை என்ன சொல்வது. ஒருநாள் பொறுக்க முடியாமல், தியேட்டர் தேநீர் அறைக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஊசியைத் திரும்பப் போடுங்கோ டொக்டர்."

"ஆர் கதைக்கிறது இது?"

"பகிடி விடாதேங்கோ. இதைப் பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது."

அவர் சும்மா இருந்திருக்கவில்லை. வேறொரு முறையைப் படித்துக்கொண்டிருந்தார். பெரிய நரம்பை விட்டுவிட்டு, இடுப்பு மூட்டின் உறைக்குப் போகும் சின்னச் சின்ன நரம்புகளுக்கு மட்டும் மருந்து போய்ச் சேரும்படி, எலும்புக்குக் கிட்ட ஊசி போடுவது. தொடையின் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். "பெரும்பாலும்" என்பதை இரண்டு தரம் சொன்னார். சிலருக்கு மருந்து கசிந்து பெரிய நரம்புக்கும் போய்விடும், யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது. "நோவை எடுக்க வந்தவன் காலையும் எடுத்துட்டுப் போகக்கூடாது தானே" என்றார். அதன் பிறகுதான் எனக்கு ஒரு வேலை வைத்தார். ஒவ்வொருவரையும் எழுப்ப முதல் நான் காலைச் சோதிக்க வேண்டும். கட்டில் விளிம்பில் இருத்தி, என் கையை எதிர்த்து முழங்காலை நீட்டச் சொல்லிப் பத்து எண்ண வேண்டும். அவரும் வந்து அப்படியே பார்ப்பார். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் ஆள் எழும்பலாம்.

"நான் ஓம் எண்டு நீங்க இல்லை எண்டா, இல்லைதான். சேர்ஜனும் அதை மாத்த ஏலாது. நான் டிரெக்டரிட்ட எழுதி வாங்குறன்."

"நான் ஒரு பிசியோதான், டொக்டர். விசேட நிபுணர் நிக்கேக்க நான் இல்லை எண்டு சொன்னால் ஆர் கேக்கப்போகினம்?"

"கேக்காட்டி நான் ஊசி போட மாட்டன். அப்ப கேப்பாங்க."

எழுதி வாங்கினார். அதற்கு அவர் எத்தனை கதவு தட்டினார், எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினார் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். வார்ட்டில் அவர் கேட்கும் கேள்வியும் மாறியது. "நோகுதா?" என்பதற்கு முன் "எங்க, முழங்காலை நீட்டுங்க பாப்பம்" வந்தது. ஆட்கள் நோகவில்லை என்று சிரித்தால் அவருக்கு அதுதான் பயம். "நோகாத காலை நம்பாதீங்க" என்று சிஸ்டர்மாருக்கும் அட்டென்டன்மாருக்கும் சொல்லிச் சொல்லியே அலுப்பூட்டினார். இன்னொன்று. பின்னேரம் சுற்றி வரும்போது ஆண் நோயாளிகளுக்குத் தானே போத்தலை எடுத்து நீட்டுவார். கேட்கும் வரை பார்த்திருக்க மாட்டார். ஒரு விசேட வைத்திய நிபுணர் இதைச் செய்து நான் வேறெங்கும் கண்டதில்லை.

போன வருடம் அவருக்கே இடுப்பு மூட்டு மாற்ற வேண்டி வந்தது. வருடக்கணக்காக நொண்டிக்கொண்டு திரிந்தவர், கடைசியில் சம்மதித்தார். அதே சின்ன வெட்டு, அதே ஊசி, போட்டது அவருடைய சக வைத்தியர். பின்னேரம் நான் போனபோது சேர்ட்டு மாற்றித் தலை வாரி ஆயத்தமாக இருந்தார். கையை வைத்தேன். ஏழு எண்ணும்போது முழங்கால் ஆடியது.

"இல்லை டொக்டர். பிறகு பாப்பம்."

"ஏழு போதும். என்ர ஊசி எனக்குத் தெரியாதா?"

"இல்லை."

"வாணி, நான் சொல்றன்."

"நீங்கள் இப்ப டொக்டர் இல்லை, பதினோராம் கட்டில்."

மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரவுச் சாப்பாடு கொண்டுபோன சுனேத்ராவோடும் கதைக்கவில்லையாம். மறுநாள் காலை பத்தும் எண்ணி, நான் பிடிக்க எழும்பி, யன்னல் வரை போய் வந்து இருந்தார். மூச்சு வாங்க, என்னைப் பாராமல் சொன்னார்: "நேத்து நீங்க எழும்ப விட்டிருந்தா, இண்டைக்கே உங்கள வேலையால நிப்பாட்டச் சொல்லியிருப்பன்." எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைத் திட்டவும் வாய் வந்தது. இரண்டையும் செய்தேன்.

கொட்டாஞ்சேனை வீட்டில் சவப்பெட்டி வைத்திருந்த அன்று அதிபர் ஓட்டோவில் வந்திறங்கினார். பொல்லை ஊன்றிக்கொண்டு படியேறி, பெட்டிக்கருகில் நெடுநேரம் நின்றார். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. போகும்போது டொக்டரின் மனைவியிடம், "அம்மா, என்ர வீட்டுக்கு வந்து தன்ர பிழையைச் சொன்ன பெரிய மனிசன் இவர் ஒருத்தர்தான்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா அழுதார்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்து அம்மா ஒருவருக்கு இடுப்பு மாற்றியிருந்தது. அன்று ஊசி போட்டது புதிதாக வந்த இளம் வைத்தியர். நான் போனபோது கட்டிலைச் சுற்றிச் சனம். டொரொண்டோவில் இருக்கும் மகன்மார் அம்மா எழும்பி நடப்பதைப் பார்க்க வீடியோவில் காத்துக்கொண்டிருந்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணரும் நின்றார். அம்மா ஒரு துளியும் நோகவில்லை என்று சிரித்தார். கையை வைத்தேன். நாலில் முழங்கால் விழுந்தது.

"இப்ப இல்லை" என்றேன்.

"வாணி, ரெண்டு அடிதானே. ரெண்டு பக்கமும் நாங்கள் பிடிப்பம்" என்றார் நிபுணர்.

"இல்லை சேர்."

"அந்த ரூல் நிக்கலஸ் போட்டது. அவர்தான் இல்லையே."

"சேர், டொக்டர் இருந்தாலும் இல்லாட்டியும் இந்த அம்மாவின்ர கால் இப்ப நிக்காது. நான் கையெழுத்துப் போடமாட்டன்" என்றேன். போனுக்குள் இருந்து மகன், என்ன பிரச்சினை என்று கேட்டான். "பிரச்சினை ஒண்டுமில்லைத் தம்பி. அம்மாவுக்கு நோகேல்லை, தொடைக்கு இன்னும் பலம் வரேல்லை. ராவைக்குப் போன் எடுங்கோ" என்றேன். நிபுணர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இளம் வைத்தியர் மட்டும் நின்றார். படிவத்தை எடுத்து, தன் கையெழுத்தை எங்கே போடுவது என்று கேட்டார். "முதல் குனிஞ்சு பிடிச்சுப் பாருங்கோ, பிறகு போடலாம்" என்றேன். அவர் குனிந்து, அந்த அம்மாவின் காலுக்கு முன்னால் கையை வைத்தார். நாலில் விழுந்ததை அவரும் கண்டார். இரவு ஏழு மணிக்குத் திரும்ப வந்து இருவரும் பத்து எண்ணினோம். அம்மா எழும்பினார். யன்னல் வரை போனார்.

எனக்கு இனி ஆர் துணை என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். அந்த விதியை எடுத்துவிடலாம் என்று கதை அடிபடுகிறது என்றும் அறிகிறேன். வரட்டும், பார்ப்போம். டொக்டர் நிக்கலஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது "இல்லை" என்ற ஒரேயொரு சொல். அதிபரின் கட்டிலருகில் அன்று பின்னேரம் மூன்று மணிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய சொல். அதை நான் ஒருமுறை விழுங்கியதற்கு இன்னொரு மனிதர் பொல்லு ஊன்றி நடக்கிறார். இனி யார் முன்னாலும் அதை விழுங்க மாட்டேன்.